"இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி விடாமல் துரத்தினால் என்ன செய்வது

சம்பளம் வருகிறது, வீட்டுக் கடன் தவணை தவறாமல் போகிறது, பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறது, உடம்பிலும் சொல்லிக்கொள்ளும்படி கோளாறு இல்லை. அப்படி இருந்தும் ஒரு மத்தியானம் ஆபீஸ் மீட்டிங் நடுவிலோ, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருக்கும்போதோ "இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு கேள்வி வந்துவிடுகிறது. அசதி என்று நினைத்து விட்டுவிடுவோம். மறுநாளும் வரும். அப்புறம் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, யாராவது கல்யாண ஆல்பம் காட்டும்போது என்று நேரம் காலம் பார்க்காமல் வர ஆரம்பிக்கும். உளவியலில் இதை இருத்தலியல் நெருக்கடி என்கிறார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் இப்படியெல்லாம் யோசனை வரும்." "ஏழரை நடக்குது, திருநள்ளாறு போயிட்டு வா." "ஒரு கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் சரியாயிடும்." கல்யாணம் ஆனவர் என்றால் ஒரு குழந்தை, குழந்தை இருந்தால் இன்னொன்று. அன்பில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைக் கேட்ட ஆள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவே மாட்டார், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நடமாடுவார். எனக்கு ரொம்பக் கவலை தருவது அந்த இடம்தான்.

முதலில் இது நோயா என்று பாருங்கள்

இதைத் தாண்டிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். கேள்வி வருவதும் மனச்சோர்வு நோய் வருவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. நான் கேட்கச் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பிடித்த சாப்பாடு இன்னும் ருசிக்கிறதா, நெருங்கிய சிநேகிதர் பேசினால் சிரிப்பு வருகிறதா, பிள்ளை வந்து மேலே விழுந்தால் மனசு இளகுகிறதா? ஆமாம் என்றால், கேள்வி எவ்வளவு கனமாக இருந்தாலும் நீங்கள் இன்னும் வாழ்க்கைக்குள்தான் இருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடக்கிறது, எதிலும் ருசியே இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, ஒரு பக்கம் படிக்கக்கூடக் கவனம் நிற்கவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தத்துவம் பேசுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனசு இப்படி ஆகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்காக வருடக்கணக்கில் வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மதுவே மனச்சோர்வைக் கூட்டும்.

"இல்லாமலே போய்விட்டால் நல்லது" என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926.

ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் ஐம்பது வயதை ஒட்டி இதே கேள்வியில் சிக்கினார். உலகப் புகழ், நிலம், பெரிய குடும்பம் எல்லாம் இருந்தன. தன் மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத அந்த நாட்களில் ஆபத்தான பொருட்களைத் தன் கைக்கு எட்டாமல் ஒளித்துவைத்தார், வேட்டைக்குத் துப்பாக்கி எடுத்துப் போவதையும் நிறுத்தினார் என்று அவரே எழுதியிருக்கிறார். கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல வருடம் ஆனது. உயிரைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடனே செய்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி எடுத்துவைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

"எல்லாமே அர்த்தமில்லாமல் இருக்கு" என்று சொல்பவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால் உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கும். ஒருவருக்குச் சாவு பயம். இன்னொருவருக்கு, வாழ்ந்த வாழ்க்கை தான் தேர்ந்தெடுத்ததே இல்லை என்ற ஆத்திரம். சிக்கு விழுந்த நூல்கண்டை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் இறுகத்தான் செய்யும், ஏதாவது ஒரு முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்: மனிதனை அடியோடு உலுக்குகிற கவலைகள் நான்கு, அவை சாவு, சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. உங்கள் கேள்வி இந்த நான்கில் எதிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அது முதன்முதலில் எப்போது வந்தது என்று யோசிப்பது. அப்பாவின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன வாரமா, ஆட்குறைப்பில் வேலை போனபோதா, மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்றா, அல்லது ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்த பிறகா? கடைசியாகச் சொன்னது நிறையப் பேருக்கு நடக்கிறது. வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசம் ஆன மறுமாதம் இப்படி ஆனவரை எனக்குத் தெரியும்.

சாவு என்றால்

ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும், "ஒருநாள் நான் இருக்கவே மாட்டேன்" என்பது வெறும் தகவலாக இல்லாமல் உடம்பிலேயே உறைக்கும். 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் பதினாறு வயது வேங்கடராமனுக்கு வந்தது இந்தப் பயம்தான். பள்ளிக்கூடம் போகிற பையன், நோய் நொடி எதுவும் இல்லை, அப்பா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை, டாக்டரைத் தேடி ஓடவில்லை. கை காலை நீட்டிப் பிணம்போலப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு "சரி, சாவு வந்துவிட்டது, சாவது எது? இந்த உடம்புதானா நான்?" என்று அந்தப் பயத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தான். சில வாரம் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவனைத்தான் பிறகு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது.

எல்லோரும் அப்படி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, கிளம்பவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது பயத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்த அந்தத் துணிவை. பகல் நேரத்தில், வீட்டில் யாராவது இருக்கும்போது உட்கார்ந்து, "சாவில் எனக்குப் பயம் எது?" என்று எழுதிப் பாருங்கள். வலிக்குப் பயமா, நான் போனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்றா, செய்ய நினைத்த ஒன்று பாக்கி இருக்கிறதா, அல்லது ஒன்றுமே இல்லாமல் போவதற்கா? முதல் மூன்றுக்கும் செய்ய வேலை இருக்கிறது. பிள்ளைகள்தான் கவலை என்றால் ஆயுள் காப்பீடு எடுங்கள், வங்கிக் கணக்கிலும் பி.எஃப்.பிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள், பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவையுங்கள், உயில் எழுதுங்கள். இந்தியாவில் உயிலை வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி முன்னிலையில் கையெழுத்துப் போட்டாலே செல்லும், பதிவு செய்வது கட்டாயமில்லை. அபசகுனம் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஆனால் உயில் எழுதி முடித்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு, அந்த நிம்மதி எந்தத் தத்துவப் புத்தகத்திலும் கிடைத்திருக்காது. நான்காவது பயத்துக்கு ஏற்பாடு எதுவும் கிடையாது. அதை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, பகலில் பார்த்துப் பழகலாம், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். ஓட ஓடத்தான் அது பெரிதாகிறது.

சுதந்திரமும் தனிமையும்

இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள் வருவது பெரும்பாலும் சுதந்திரக் கவலை. பத்தாவது, பிளஸ் டூ, காலேஜ், கேம்பஸ் என்று அடுத்தது என்ன என்பதை அதுவரை வீடு சொல்லிக்கொண்டே வந்தது. திடீரென்று சொல்ல ஆள் இல்லை, அல்லது சொல்வதைக் கேட்க மனசு இல்லை. குரூப் ஒன் தேர்வுக்கே இளமையைக் கொடுத்துவிட்டு வயது வரம்பு தாண்டி நிற்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. நாற்பத்தைந்தில் வருவது தலைகீழ், "நான் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லையே" என்று. இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: திரும்பி வரக்கூடிய சின்ன முடிவு ஒன்றை எடுங்கள். மாலை வகுப்பு ஒன்றில் சேருவது, வாரம் ஒருநாள் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்வது, வேண்டாத ஒரு பொறுப்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பது. தேர்ந்தெடுக்கிற பழக்கமே நமக்கு விட்டுப்போயிருக்கிறது, அதைச் சின்னதில்தான் மீட்க முடியும்.

தனிமைக்கு டொராண்டோ, துபாய் வரை போக வேண்டாம், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையே போதும். ஏன், கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே வரும். நாம் உணர்வதை இன்னொருவர் முழுதாக உணரவே முடியாது என்பதை ஒருகட்டத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக முயற்சியை விட்டுவிட வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் போடுவதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், வாரா வாரம் போனில் கூப்பிடுங்கள், "நல்லா இருக்கேன்" என்று முடிக்காமல் உண்மையாகவே எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அர்த்தமே இல்லை என்று தோன்றினால்

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1942-லிருந்து 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டவர். அப்பா, அம்மா, அண்ணன், மனைவி எல்லோரையும் இழந்தார். அர்த்தத்தைப் பற்றிப் பேச இவரைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் கேள்வியைத் திருப்பிப்போட்டார்: வாழ்க்கையிடமிருந்து எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்காதே, வாழ்க்கை உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார். அர்த்தம் வருவதற்கு மூன்று பாதைகளைச் சொன்னார். ஒரு வேலையைச் செய்வது, எதையாவது உருவாக்குவது முதலாவது. ஒருவரை நேசிப்பது, ஒரு அழகை, ஒரு அனுபவத்தை முழுதாக வாங்கிக்கொள்வது இரண்டாவது. மாற்றவே முடியாத துன்பம் என்றால் அதை எப்படித் தாங்குகிறோம் என்பது மூன்றாவது. வார நாட்களின் ஓட்டம் நின்ற ஞாயிற்றுக்கிழமையில் உள்ளிருக்கும் வெறுமை மேலே வருவதையும் அவர் அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார். நம் ஞாயிறு சாயங்காலங்களை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசு வேலையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெறுபவர்களிடம் இதைக் கண்ணால் பார்க்கலாம். என் பெரியப்பா லைன்மேனாக இருந்தவர், புயல் மழையில் ஊர் முழுக்க அவர் பெயரைத்தான் கூப்பிடும். ஓய்வுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், சாப்பாடு இறங்காது. பெரியம்மா ஜோசியரிடம் போனார், பேரன் டிவி வாங்கிக் கொடுத்தான், எதுவும் உதவவில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தெரியாமல் தடுமாறுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு வயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அப்புறம் அவரிடம் வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை, அவருக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமும் இல்லை.

அதனால் வாழ்க்கையின் ஒரே பெரிய லட்சியத்தைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பாதீர்கள். "உன் பேஷன் (passion) என்ன?" என்ற கேள்வி இந்த நிலையில் இருப்பவரை இன்னும் நசுக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இன்று நான் வராவிட்டால் யாருக்குக் கஷ்டம், நான் செய்யாவிட்டால் எந்த வேலை அப்படியே கிடக்கும் என்று கேளுங்கள். செடிக்குத் தண்ணீர் என்பதுகூடப் பதில்தான். அப்படி ஒன்றுமே இல்லை என்றால் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: தெரு நாய்க்குச் சாப்பாடு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை வாங்கித் தருவது, ஏதோ ஒன்று. தினமும் இருக்க வேண்டும், இன்னொரு உயிர் அதற்குக் காத்திருக்க வேண்டும்.

சாமி நம்பிக்கை இருப்பவர்கள் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போவது நல்லதுதான், போனால் மனசு அமைதியாகிறது என்றால் கட்டாயம் போங்கள். நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது என்றால் வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், சந்தேகப்பட்டதற்குத் திட்டாத பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள்.

அன்றாடத்தில் பிடித்துக்கொள்ள

இரவு பத்து மணிக்கு மேல் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும், அதே கேள்வி காலை ஏழு மணிக்குக் கையில் காபியோடு பார்த்தால் பாதி அளவாகிவிடும். கேள்விக்கென்று பகலில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு என்று. மற்ற நேரத்தில் வந்தால் "ஐந்தரைக்கு வா" என்று ஒரு வரி குறித்துவைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். கவலையை விரட்டுவதைவிடத் தள்ளிப்போடுவது எளிது, மனநல ஆலோசகர்களே சொல்லித் தருகிற முறை இது. அந்த அரைமணி நேரத்தில் நோட்டில் எழுதுங்கள், பிழை திருத்தாமல், யாருக்கும் காட்டாமல். நான்கைந்து நாள் தொடர்ந்து எழுதினாலே நீங்கள் எதைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்பது பிடிபடும்.

படுக்கையில் ரீல்ஸ் பார்ப்பதை நிறுத்துங்கள். தினமும் நடங்கள். சமைக்கத் தெரிந்தால் சமையுங்கள், தெரியாவிட்டால் காய் நறுக்கவாவது உட்காருங்கள், கைக்கு வேலை இருக்கும்போது மனம் தரையில் நிற்கும்.

பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள்

ராஜினாமா, விவாகரத்து, நிலத்தை விற்பது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசிரமத்தில் சேருவது, எதுவானாலும் குறைந்தது ஆறு மாதம் போகட்டும். அந்த முடிவு சரியானதாகவேகூட இருக்கலாம். சரியானது என்றால் ஆறு மாதம் கழித்தும் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் அடி உதை, துன்புறுத்தல் என்றால் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், உடனே வெளியே வாருங்கள். இந்த நேரத்தில்தான் வார இறுதியில் வாழ்க்கையை மாற்றித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறவர்களும் கண்ணில் படுவார்கள். பதில் தெரியும் என்று அடித்துச் சொல்பவர்கள், வீட்டாரிடமிருந்து விலகி வா என்பவர்கள், இந்த இரண்டு பேரிடமும் கவனமாக இருங்கள்.

ஆலோசகர் வேண்டும் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது. சென்னையில் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம், அந்தக் கேலியால் எத்தனை பேர் அங்கே போகாமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லாதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால்

பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிடுங்கள். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேளுங்கள், அவர் பேசி முடிக்கும் வரை போனைத் தொடாமல் இருங்கள். "உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள், குறை இல்லாமலே இப்படி ஆகிறதே என்பதுதான் அவர் குழப்பமே. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனசில் இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். இல்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், நடுவில் மார்க்கெட்டுக்கோ டீக்கடைக்கோ கூட அழைத்துப் போங்கள்.